திரைப்படமும் தத்துவ விசாரமும்

திரைப்படம் இன்னும் ஊமையாக இருந்த 1907-ஆம் ஆண்டிலேயே, பிரெஞ்சுத் தத்துவ ஞானியான ஹென்றி பெர்க்ஸன், அசைவற்ற படங்களை அடுத்தடுத்து ஓட்டி அசைவெனத் தோன்றச் செய்யும் அந்தக் கருவியை, இடையறாது பெருகும் காலத்தைத் துண்டு துண்டாக்கியே அறிய வல்ல நம் புத்தியின் குறைக்கு உதாரணமாக எடுத்தாண்டார். ஹார்வர்டில் உளவியல் போதித்த ஹியூகோ மன்ஸ்டர்பெர்கோ, முகத்தை அண்மையிற் காட்டும் காட்சியில் கவனத்தையும், கடந்தகாலத்துக்குத் திரும்பும் காட்சியில் ஞாபகத்தையும் கண்டு, மனத்தின் வியாபாரத்தையே புறத்தில் விரிக்கும் கலை இது என்று 1916-இல் வாதித்தார். பெர்க்ஸனிடம் குறைக்கு உதாரணமாக நின்ற சினிமா, அவரை ஆசானாகப் போற்றிய ழில் தெலூஸின் கையில், 1983-இலும் 1985-இலும் வெளிவந்த இரு பெருநூல்களின் வழியாக, காலத்தை நேரே காட்டவல்ல சிந்தனை முறையாக உயர்ந்துவிட்டது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று.

படம் தத்துவத்துக்கு வெறும் திருஷ்டாந்தமா, அன்றித் தானே சிந்திக்கிறதா என்பதுதான் இன்றைய தர்க்கம். 'ஏலியன்' வரிசைப் படங்களை ஆராய்ந்த ஸ்டீபன் மல்ஹால், அவை தாமே சிந்திக்கின்றன என்று 2002-இல் எழுதினார். படம் சொல்வதைச் சொற்களால் சொல்லிவிடலாமெனில் படம் எதற்கு, சொல்ல இயலாதெனில் அது தத்துவமென்று எப்படித் தெரிந்தது என்பது மறுப்பாளரின் கேள்வி. வகுப்பறைகளில் டெகார்த்தேயை விளக்கப் பெரிதும் பயன்படும் 'மேட்ரிக்ஸ்' (1999) மறுப்பாளருக்கே துணைபோகிறது என்பது என் அபிப்பிராயம். அதன் தத்துவமெல்லாம் பாத்திரங்களின் வாயில் இருக்கிறது.

அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) அத்தகையதன்று. கொலை விசாரணை நடக்கும் முற்றத்தில், கொள்ளைக்காரன், மனைவி, ஆவியை வருவிப்பவள் வாயிலாக இறந்த கணவன் என ஒவ்வொருவரும் நம்மை நோக்கி அமர்ந்து, நம் காதில் விழாத கேள்விகளுக்கு விடையளிக்கிறார்கள். நீதிபதியின் முகமும் இல்லை, குரலும் இல்லை. அவருடைய ஆசனத்தில் நம்மையே அமர்த்திவிடுகிறது படம். உண்மை என ஒன்று இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் பலர். ஆனால் குறுவாள் எங்கே போயிற்று என்று கேட்டதும் வாயடைத்து நிற்கும், மற்றொரு சாட்சியான விறகுவெட்டியைப் பார்த்த பின், உண்மை இருக்கிறது, அதை ஒளிக்கத்தான் ஆளுக்கொரு காரணமும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

போலந்துத் தொலைக்காட்சிக்காகக் கிஷ்லாவ்ஸ்கி எடுத்த பத்துப் படங்களுள் முதலாவதில், ஏரிப் பனிக்கட்டி மகனின் எடையைத் தாங்குமென்று கணினியில் கணக்கிட்ட தந்தை, இரவில் தாமே அதன்மேல் நடந்தும் பார்க்கிறார்; ஆயினும் பனி உடைந்து பிள்ளை இறக்கிறான். கணக்குப் பிழையா, கடவுளின் கோபமா என்பதைப் படம் சொல்வதில்லை; சொல்லியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும்.

இத்துறையில் கம்பீரமான படங்களுக்கே மரியாதை மிகுதி. ஸ்டான்லி காவெல் அம்மரபைப் புறக்கணித்து, 1981-இல் ஏழு ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களை ஆராய்ந்தார். ஃபிராங்க் காப்ராவின் 1934-ஆம் ஆண்டுப் படமொன்றில், ஒரே அறையில் தங்க நேர்ந்த பத்திரிகையாளனும் செல்வந்தர் மகளும் தம் படுக்கைகளுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிடும் கம்பளியை, மனித அறிவுக்குக் கான்ட் வகுத்த எல்லையோடு அவர் இணைத்துப் பேசினார். பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் கம்பளிக்கு இருபுறமும் படுத்துப் பேச்சால் மட்டுமே ஒருவரையொருவர் அறியும் அவ்விருவர், பிறர் மனத்தை அறிவது எங்ஙனம் என்னும் பழைய வினாவை, மரணத்தோடு சதுரங்கம் ஆடும் பெர்க்மன் படத்து வீரனுக்குச் சற்றும் குறையாத தீவிரத்தோடும், அவனிடம் காணக்கிடைக்காத சிரிப்போடும் எழுப்புகிறார்கள்.