பெர்க்லி வானொலி நிரலின் தொகைநெறி

வானொலி நிகழ்ச்சி நிரலும் ஒருவகைத் தொகையே. பலர் பேசியனவும் பாடியனவும் ஆராய்ந்தனவும் ஒரு நாளின் எல்லைக்குள் அங்கே நிரல்பட அமைகின்றன. தொகைநிலைச் செய்யுளைப் பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு என்பவற்றால் தண்டியலங்காரம் பகுத்துரைக்கும். பலவற்றை ஒருங்கு வைத்த அளவானே தொகை அமைந்துவிடாது. கூட்டுதற்கு ஒரு நெறி வேண்டும் என்பது அப்பகுப்பின் உட்கிடை. முற்போக்குச் சமுதாய வானொலிகளுக்கு முன்னோடியாகக் கருதப்பெறுவது, அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், பெர்க்லி நகரில் இயங்கும் கே.பி.எஃப்.ஏ. நிலையம். அதன் நிரலிற் காணும் பன்மை நெறியுடைய தொகையா, வெறுங் கதம்பமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

நிலையத்தை நிறுவிய லூயிஸ் ஹில், இரண்டாம் உலகப் போரின்போது மனச்சான்றின்பாற்பட்டுப் படைப்பணியை மறுத்தவர். 1946இல் பசிபிக்கா அறக்கட்டளை தோன்றியது. 1949 ஏப்ரல் 15இல் ஒலிபரப்புத் தொடங்கியது. விளம்பரம் இல்லை, நேயர் விரும்பி அளிக்கும் சந்தாவே பொருள்வருவாய் ஆதல் வேண்டும் என்பது ஹில்லின் கொள்கை. கேட்போர் அனைவரும் பொருள் தரவேண்டுவதில்லை, நூற்றுக்கு இருவர் தரினும் போதும் என அவர் கணக்கிட்டார். அக்கணக்கு எளிதில் நிறைவேறவில்லை. 1950 ஆகஸ்டில் பொருள்முடையால் நின்ற ஒலிபரப்பு, 1951 மே திங்களில்தான் மீண்டும் எழுந்தது.

இப்பொருளியல் அமைப்பே நிரலின் தன்மையை வகுத்தது எனலாம். விளம்பரத்தால் வாழும் நிலையம் ஒவ்வொரு மணியிலும் பெருங்கூட்டத்தை வேண்டும். ஆகவே அதன் எல்லா மணிகளும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. சந்தாவால் வாழும் நிலையத்துக்கோ ஒரு மணி சிலருக்கேனும் இன்றியமையாததாக இருந்தாற் போதும். வேறுபாடு அங்கு அணியன்று, உயிர்நிலை.

இனி நிரலின் உறுப்புக்களை நோக்குவோம். துப்பறியும் கதையாசிரியர் அந்தோணி பௌச்சர் பழைய ஒலித்தட்டுக்களைக்கொண்டு இசைநாடகப் பாடகர்களின் வரலாற்றை விளக்கினார். கவிஞர் கென்னத் ரெக்ஸ்ராத் நூல்களை மதிப்பிட்டார். ஆலன் வாட்ஸ் கீழைநாட்டு மெய்ப்பொருளியலைப் பேசினார். சோவியத்து இதழ்களின் செய்திகளை வில்லியம் மாண்டெல் எடுத்துரைத்தார். அதே நிலையத்தில் குடியரசுக் கட்சியினரான காஸ்பர் வைன்பெர்கரும் கருத்துரைத்தார். பின்னாளில், 1981 முதல் 1987 வரை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலராக விளங்கியவர் அவரே.

இவருள் தனியே நோக்கத்தக்கவர் பாலின் கேல். ஊதியமின்றித் திரைப்படத் திறனாய்வு வழங்கிய இவர், நேயர் மடல்களுக்கு விடைகூறிய உரையொன்று 1965இல் வெளிவந்த அவர்தம் நூலில் இடம்பெற்றுள்ளது. மடல் எழுதியோரை அவர் புகழ்ந்து மகிழ்விக்கவில்லை, வாதிட்டார், மறுத்தார். புரப்போரைப் பாடிப் பரிசில் பெறுவது ஒரு மரபு. புரப்போரை இடித்துரைத்தும் அவர் செவியை இழவாமை இந்நிலையம் கண்ட மரபு. சொல்வோன் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பாதலும், கேட்போன் உடன்படாமலும் கேட்டலும் இத்தொகையின் நெறி என இதனாற் பெறப்படும்.

இந்நெறி நிலைத்ததா? மாத்யூ லசார் 1999இல் வெளியிட்ட பசிபிக்கா வரலாற்றில், மாறுபட்டோரிடையே உரையாடல் வளர்க்க எழுந்த நிறுவனம், பனிப்போர்ச் சூழலில், மாற்றுக்குரல்களின் உரிமையைக் காக்கும் நிறுவனமாக மாறியது என்பார். மாற்றம் நிகழ்ந்தது உண்மை. ஆயின் இவ்விரண்டையும் முன்னது பின்னது என நிறுத்திவிடுதல் அமையாது. பிற இடங்களில் வாய் திறக்க இயலாதார்க்கு இடந்தராத உரையாடல், கற்றோர் சிலரின் அவையாகச் சுருங்கும். எதிர்மொழி கேளாத மாற்றுக்குரலோ தன்னவர்க்கே தான் பேசும் தனிமொழியாகும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணி என வரப்பிட்டு வழங்கினால், நிரல் பல்கும், தொகை சிதையும்.

இக்குறையை நீக்க மேற்கொண்ட வழி மற்றொரு குறையாயிற்று. 1990களில் அறக்கட்டளையின் தலைமை, கேட்போர் தொகையைப் பெருக்க விரும்பி நிரலைத் திருத்தியது. 1995இல் மாண்டெலின் நிகழ்ச்சியும் நீக்கப்பட்டது. பூசல் முற்றி, 1999 சூலையில் ஊழியர் வெளியேற்றப்பட்டு, நிலையக் கதவுகள் அடைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் திரண்டு தம் நிலையத்தை மீட்க முழங்கினர். கேட்போரைப் பெருக்குவதும் பன்மைக்கே எனத் தலைமை கருதியிருக்கலாம். எனினும் கூட்டத்தை அளவுகோலாகக் கொண்ட அளவில், விளம்பர நிலையத்தின் நெறியே புறவாயில் வழியாக உட்புகுந்தது என்பதை மறுத்தல் அரிது.

நிகழ்ச்சி வகைகளை எண்ணி ஒரு வானொலியின் பன்மையை மதிப்பிடுதல் பொருந்தாது என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு. இசைநாடகம் கேட்க வந்தவன் அரசியலுரைக்கும் இருந்து செவிகொடுத்தானா, தன் கருத்துக்கு மாறானதைக் கேட்டபின்னும் சந்தாவைத் தொடர்ந்தானா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். பெர்க்லி நிலையத்தின் பெருமை அவ்வினாக்களை எழுப்பியதில் உள்ளது. அதன் இடர்களும் அவற்றிலிருந்தே பிறந்தன.