நாகம்மாளை விட்டுவிட்ட கை

நாவலாசிரியன் தன் மாந்தர்க்குக் கடவுளாகலாமா? 1939ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர், கத்தோலிக்க நாவலாசிரியரான பிரான்சுவா மோரியாக்கை நோக்கி ஏறத்தாழ இதே வினாவைத்தான் தொடுத்தார். மோரியாக் தம் மாந்தர்க்கு மேலே நின்று அவர்களுக்குத் தீர்ப்பெழுதிவிடுகிறார், அதனால் அவர்கள் உரிமையற்ற பொம்மைகளாகிவிடுகின்றனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. கடவுட் கொள்கையை மறுத்தவர் சொன்னது என்பதற்காக நாம் இதனைத் தள்ளிவிட இயலாது. மனிதனுக்குக் கட்டற்ற விருப்புரிமையைத் தந்தபின் இறைவனே அதனைப் பறிப்பதில்லை என்றுதானே இறையியலில் பயின்றோம்?

இவ்வினாவோடு நம் கொங்கு மண்ணின் நாவலொன்றை அணுகுவோம். கீரனூரில் 1917இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது அகவை இருபத்தைந்துதான். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். ஊரார் வெறுக்கும் கெட்டியப்பனோடு அவளுக்கு உறவும் உண்டு. கைம்பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் நிலத்துக்குச் செல்லாதென 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் அந்நிலை மாறியது 1947இல். எனவே அவள் கேட்ட பங்குக்குச் சட்டத்தின் துணையும் இல்லை, ஊரின் துணையும் இல்லை.

இத்தகைய கதையில் இளம் எழுத்தாளர் ஒருவருக்கு இரண்டு கவர்ச்சிகள் காத்திருக்கும்: அவளை ஒழுக்கங்கெட்டவள் எனத் தண்டிக்கலாம், புரட்சிப் பெண் என மாலையிடலாம். சண்முகசுந்தரம் இரண்டையும் செய்யவில்லை. கதைசொல்லி ஆங்காங்கே குறுக்கிடுகிறார் என்பது மெய்யே. அவ்விடங்களில் நாவல் சற்றே தளர்கிறது. ஆயினும் மாந்தர் வாய்திறந்ததும் அவர் ஒதுங்கி நிற்கிறார். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்து உழவர் பேச்சு, செந்தமிழுக்கு அஞ்சாமல், தன் போக்கில் ஓடுகிறது. மொழியின்மீதுள்ள பிடியை முதலில் தளர்த்தியதால்தான் நாகம்மாள்மீதுள்ள பிடியும் தளர்ந்தது என்பது நம் கருத்து.

இதனைச் சோம்பல் என்றோ, தற்செயல் என்றோ கொள்ளற்க. கடிவாளத்தை விடுவதற்கு முன் குதிரையை அறிந்திருக்க வேண்டும். அம்மக்களின் பேச்சையும் வரப்புச் சண்டைகளையும் அறியாதவர் கையை விட்டிருந்தால் குழப்பமே எஞ்சியிருக்கும். பங்குத் திருவிழா நாடகங்களை ஆண்டுதோறும் பார்த்துவரும் நமக்கு ஒன்று தெரியும்: பாவியின் மனமாற்றம் கடைசிக் காட்சியில், நேரந்தவறாத தாராபுரம் பேருந்தைப் போல, வந்து சேர்ந்துவிடும். அழுவோர் உண்டு, நம்புவோர் குறைவு.

மோரியாக்கும் இதனை அறியாதவரல்லர். கணவனுக்கு நஞ்சூட்டிய தெரேஸை, 1927இல் எழுதிய நாவலுக்குப்பின் 1935இல் மீண்டும் ஒரு நாவலில் கொணர்ந்தார். அவள் மன்னிப்புப் பெறும் ஆறுதலான பக்கங்களை எழுதியும் முடித்தார். பின் அவற்றைக் கிழித்தெறிந்தார். அவளுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கவேண்டிய குருவைத் தம்மால் மனக்கண்ணில் காண முடியவில்லை என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். சார்த்தர் தாக்கியது இந்த நாவலையே என்பது வியப்பு. எனினும், அக்கிழிந்த பக்கங்களின் பொருட்டே மோரியாக்கை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

'நாகம்மா'ளின் முடிவில் சின்னப்பன் கொலையுண்டு கிடக்கிறான். நீதிமன்றக் காட்சி இல்லை. அவள் மனந்திரும்பினாளா என்பதற்கு விடையும் இல்லை. கதை திடுமென நின்றுவிட்டது என்று குறைகூறுவோர் உளர். நமக்கோ, அதற்குமேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் அது சண்முகசுந்தரத்தின் வரியாகவே இருந்திருக்கும், நாகம்மாளுடையதாக இருந்திராது என்றே தோன்றுகிறது.