மூன்று கால், ஒரு நீலத் தீ

மலையேறுகிறவர்கள் முதுகுப்பையில் கொண்டுபோகும் குட்டி காஸ் அடுப்பைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஆசை வராமல் இருக்காது. மடக்கினால் சட்டைப் பைக்குள் போய்விடும். விரித்துப் பற்றவைத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் நாலைந்து நிமிடத்தில் கொதிக்கும். அழகான பொருள்தான். ஆனால் அதைச் செய்த கை எது என்று தெரியாது. கை தெரிகிற அடுப்பைப் பார்க்க வேண்டுமானால் கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர்ப் பக்கம் போக வேண்டும். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடங்களில் காலை பதினோரு மணிக்கே சமையல் தொடங்கிவிடும். நிழல் விழும் பக்கமாகச் சாக்கை விரித்து ஒருவர் வெங்காயம் நறுக்க, இன்னொருவர் கேபினிலிருந்து அடுப்பை இறக்குவார். கூடாரம் ஒன்றுதான் இல்லை. மற்றபடி இவர்களைவிடத் தேர்ந்த முகாம்வாசிகள் நம் நாட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்த அடுப்பின் பங்காளிகள் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஒற்றை அறைகளின் வாசலிலும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்ததும் அங்கேதான் சோறு வடிப்பார்கள். உள்ளூர் முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு 14.2 கிலோ வீட்டு இணைப்பு எளிதில் கிடைக்காது. அவர்களை மனத்தில் வைத்து எண்ணெய் நிறுவனங்கள் 2013-இல் 5 கிலோ சிலிண்டரைப் பெட்ரோல் பங்குகளில் விற்க ஆரம்பித்தன. இந்தியன் ஆயில் தன்னுடையதற்கு 2020 டிசம்பரில் ‘சோட்டு’ என்று பெயர் சூட்டியது. சிலிண்டர் கம்பெனியுடையது. அதன் பக்கத்தில் நிற்கும் அடுப்பு பல நேரங்களில் பட்டறையுடையது.

இந்த வட்டாரத்தில் இரும்புக்குப் பஞ்சம் இல்லை. பழைய இரும்பு லாரி லாரியாக வந்து, உலையில் உருகி, கம்பியாக வெளியே போகிற ஊர். வெல்டிங் பட்டறைகளின் மூலையில் துண்டுக் கம்பியும் பிளாட்டும் எல் ஆங்கிளும் எப்போதும் குவிந்து கிடக்கும். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வெட்டியது போக மிஞ்சிய அந்தத் துண்டுகளிலிருந்துதான் அடுப்பு பிறக்கிறது. நான் நின்று ரசித்த ஒன்றைச் சொல்கிறேன். பத்து எம்.எம். கம்பியில் மூன்று கால்கள், அடியில் கொஞ்சம் வெளிப்பக்கமாக மடக்கிவிட்டவை, மண்ணில் புதையாமல் இருக்க. அவற்றைச் சேர்க்கும் வளையம், பிளாட்டைக் குழாயின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தது. வெல்டு விழுந்த இடத்தைக் கிரைண்டரால் இழைத்துவிட்டதில் மூட்டு எங்கே என்று விரலால் தேட வேண்டியிருந்தது. கால்களை மட்டும் பட்டறைக்காரர் வெல்டு அடிக்காமல் நட்டு போட்டு முடுக்கியிருந்தார். கழற்றினால் மூன்று கம்பி, ஒரு வளையம். டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்விடும்.

ஏன் மூன்று கால்? நாலு கால் அடுப்பு சமதளத்தில்தான் ஒழுங்காக நிற்கும். மூன்று கால் எந்தக் கரடுமுரடிலும் ஆடாது. இது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிழாவுக்குப் போன இடத்தில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்தவர்கள் நாம். மண் அடுப்பின் விளிம்பில் மூன்று குமிழ் வைப்பதும் நம் பழக்கம். பானை அடுப்பு வாயை அடைத்துவிடாமல், தீ வெளியேற இடைவெளி விட்டுத் தூக்கிப் பிடிப்பது அந்தக் குமிழ்களின் வேலை. பட்டறைக்காரர் வளையத்தின் உட்புறமாக நீட்டிய மூன்று தாங்கிகளுக்கும் அதே வேலைதான்.

அந்தத் தாங்கிகளின் உயரத்தில்தான் செய்தவரின் திறமை இருக்கிறது. காஸ் தீயைக் குனிந்து பார்த்தால் உள்ளே வெளிர்நீலத்தில் சின்னச் சின்னக் கூம்புகள் தெரியும். அவற்றைச் சுற்றி மங்கலான இன்னொரு நீலம். உட்கூம்பின் நுனிக்குச் சற்று மேலேதான் சூடு உச்சத்தில் இருக்கும். பாத்திரம் அதற்கும் கீழே இறங்கிக் கூம்பைத் தொட்டால் தீ குளிர்ந்து, பாதி எரிந்ததும் எரியாததுமாக விட்டுவிடும். பாத்திரத்தில் கரி; காற்றில் கார்பன் மோனாக்சைடு. ஜன்னல் இல்லாத அறையிலும் மூடிய கூடாரத்திலும் அதுதான் எமன். பாத்திரம் ரொம்ப மேலே போனாலோ, சூடு பக்கவாட்டில் காற்றோடு போகும். வீட்டுக் காஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தையாவது பாத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நான் பார்த்தவர் இந்தக் கணக்கு எதையும் போடவில்லை. பர்னரை எரியவிட்டார், தரையில் ஒரு கன்னத்தை வைக்காத குறையாகக் குனிந்து பார்த்தார், தாங்கியில் ஒரு நூல் அளவு கிரைண்டரால் எடுத்தார், மறுபடி குனிந்தார்.

தீ நீலமாக எரிவதே ஒரு பெரிய கண்டுபிடிப்பு. வாயு எரியும் முன்பே அதில் காற்றைக் கலந்துவிட்டால் புகையில்லாமல் எரியும் என்பதை ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் புன்சனும், அவருக்குக் கருவி செய்துகொடுத்த டெசாகாவும் 1855 வாக்கில் ஆய்வக பர்னராக ஆக்கிக் காட்டினார்கள். நம் பித்தளை பர்னர் வரைக்கும் அதே முறைதான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஜெட் துளை வழியே காஸ் சீறி வருகிறது. அந்த வேகமே பக்கத்து ஜன்னல்கள் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் குழாய்க்குள் கலந்து மேலேறுகின்றன. ஒரு பங்கு புரொபேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. குழாய்க்குள் கிடைத்தது போக மீதியைத் தீ சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பர்னரைச் சுற்றி நெருக்கமாக அடைத்துச் செய்த அடுப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

அடுப்பைக் கண்ணால் பாதி, காதால் பாதி பார்க்க வேண்டும். மஞ்சள் நுனி தெரிந்தால் காற்று போதவில்லை. தீ துளையைவிட்டு எழும்பி ‘புஸ்’ஸென்று பறந்தால் காற்று கூடிப்போச்சு. குறைக்கும்போது ‘டப்’ என்று உள்ளே பற்றிக்கொண்டால், கலவை மேலேறும் வேகத்தைவிடத் தீ கீழிறங்கும் வேகம் அதிகம். பர்னர் துளையும் ஜெட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பெருந்தீயை எந்த அடுப்பும் காட்டும். சோற்றை தம்மில் போடும் அளவுக்குத் தீயைத் தணித்து, அணையாமல், வெடிக்காமல், பத்து நிமிடம் நிற்கிறதா என்பதுதான் சோதனை. பழைய டிரைவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பம்ப் ஸ்டவ்வில் வளர்ந்தவர்கள். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் செய்த ப்ரைமஸ் வழியாக வந்த அந்தப் பித்தளை அடுப்பு, அமுண்ட்சனோடு தென் துருவத்துக்கும் 1953-இல் எவரெஸ்டுக்கும் போனது. நம் சமையலறைகளில் ஸ்டவ் பின்னோடு அரை நூற்றாண்டு இரைந்தது. அந்த இரைச்சலை வேகம் என்று நம்பிப் பழகிவிட்டார்கள். எனக்கென்னவோ பேச்சுக்கு இடம்கொடுக்கிற அடுப்புதான் அடுப்பு.

இந்தக் கைவேலையில் நான் அதிகம் மதிப்பது, பட்டறைக்காரர் கை வைக்காமல் விட்ட இடங்களை. ஜெட், வால்வு, ரெகுலேட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட டியூப் எல்லாம் கடையில் வாங்கியவை. நம் ஊர் வெயிலில் சிலிண்டருக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். ரெகுலேட்டர் அதை ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்காகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. அந்த வேலையை அரத்தையும் ஆணியையும் நம்பி ஒப்படைக்க முடியாது. வீட்டு சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் பெயரில்லாக் குட்டி சிலிண்டர்களையும் அவர் பட்டறைக்குள் விடுவதில்லை. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். திரவம் விரிய மேலே இடம் விட்டிருக்கிறார்களா என்று வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, லாரிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கி நிற்கும். ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்துத்தான் கொடுக்கிறார். தீக்குச்சி உரசிப் பார்க்கிறவரிடம் அடுப்பு வாங்காதீர்கள்.

பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் கடல்காற்று இந்த நெடுஞ்சாலையில் சும்மா இருக்காது. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் நல்ல மறைப்பு கிடைக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். சிலிண்டர் டியூபின் நீளத்துக்குத் தள்ளி வெளியே நிற்க வேண்டும். சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகும் வகையில் சுற்றிவர டின் கட்டுவது தற்கொலைக்குச் சமம். சூடு முழுக்கச் சிலிண்டருக்கே திரும்பும். போதாக்குறைக்கு, அந்த வகையில் உலைப்பானையின் பாரம் முழுதும் ஒரு ஒல்லிக் கழுத்தின்மேல் நிற்கிறது. தனியாக மூன்று கால் வைத்த அடுப்பு தரையோடு தாழ்ந்து நிற்பதன் அருமை, ஐந்து பேருக்குச் சோறு பொங்கும்போது புரியும்.

தீயைப் பெரிதாக வைத்துக் கொஞ்ச நேரம் எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்க்கும். திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், திரவம் இருக்கிற உயரம் வரை மட்டும் ஈரக்கோடு விழும். தராசே வேண்டாம், மீதி எவ்வளவு என்று அந்தக் கோடு சொல்லிவிடும். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில் என்பதால் உறைபனி விழும் மலைகளில் வெறும் பியூட்டேன் கேனோடு போகிறவர்கள் காலையில் டீக்குத் தவிப்பார்கள். கும்மிடிப்பூண்டிக்கு அந்தக் கவலை கிடையாது.

வாங்க வருகிற டிரைவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. தங்கள் பானையைக் கையோடு கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பி ஏற்றி, அடுப்பின் காலைச் செருப்பு நுனியால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறார்கள். “அண்ணே, கால இன்னும் ஒரு விரக்கடை விரிச்சுக் குடுங்க” என்று ஒருவர் கேட்க, நட்டு மறுபடி கழல்கிறது. பிறகு தீயைக் குறைத்து, குனிந்து பார்த்து, மறுபடி குறைக்கிறார்கள். விலை பேசுவது அதற்கு அப்புறம்தான்.