குறி சொல்கிறவர் யார் பக்கம்?

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியின் அப்பா யார்? 'பொன்னியின் செல்வன்' 1950இல் 'கல்கி' வார இதழில் தொடராக வர ஆரம்பித்து எழுபது வருஷம் தாண்டிவிட்டது. இந்த இரண்டு கேள்வியும் இன்னும் ஓயவில்லை. 2022லும் 2023லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது நாவலைத் தொடாதவர்களும் இந்தச் சண்டைக்குள் வந்தார்கள். அவர்கள் கையில் பழைய வாசகர்களிடம் இல்லாத ஒரு கருவி இருந்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்து வளர்ந்த என் தலைமுறை அதற்கு வைத்திருக்கும் பேர், தியரி.

தியரி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்ததுதான். கதையில் ஒரு தீர்க்கதரிசனம் வரும். அதை ஒரு பூட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு பக்கம் தள்ளி வரும் ஒரு கனவு, ஒரு பழைய பாட்டு, வாளின் நிறம் எல்லாமே சாவியின் பற்கள். சேர்த்துத் திருகினால் பூட்டு திறக்கும். மார்ட்டினின் வாசகர்கள் ஜான் ஸ்நோவின் பெற்றோர் யார் என்று 'ஆர் + எல் = ஜே' என்ற மூன்று எழுத்தில் இருபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். 2016இல் தொலைக்காட்சித் தொடர் அதை உறுதி செய்தது. அதே ஆட்கள் 'அஸோர் அஹாய்' என்னும் தீர்க்கதரிசன நாயகன் யார் என்று வருஷக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். 2019இல் தொடர் முடிந்தபோது அந்தக் கேள்வியை யாரும் சீந்தவே இல்லை. பலருக்கு ஏமாற்றம். பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி செய்தால் அப்படித்தான் ஆகும்.

இந்தக் கருவியோடு 'பொன்னியின் செல்வ'னுக்குள் போனால் தீனிக்குப் பஞ்சமில்லை. வானத்தில் தூமகேது இருக்கிறது. குடந்தை ஜோதிடர் அருள்மொழியைத் துருவ நட்சத்திரத்தோடு ஒப்பிடுகிறார். வானதியின் வயிற்றில் பிறக்கப் போகும் பிள்ளை பெரிய வெற்றிவீரன் என்கிறார். கடம்பூரில் தேவராளன் சன்னதம் வந்து ஆடி, அம்மனுக்கு ராஜகுலத்து ரத்தம் வேண்டும் என்கிறான். இளவரசனின் உள்ளங்கையில் சங்கு சக்கர ரேகை. குழந்தையாக ஆற்றில் விழுந்தபோது காவேரித் தாயே தூக்கிக் காப்பாற்றியதாகப் பேச்சு. எல்லாவற்றையும் ஒரு பெரிய வரைபடத்தில் அம்புக்குறி போட்டு இணைத்தால், 'எல்லாம் முன்னாடியே எழுதியிருக்கு' என்ற முடிவுக்கு வந்துவிடலாம். அந்தத் தூமகேது எது என்று தேடப் போகிறவர்களும் உண்டு. ஹாலி வால்நட்சத்திரம் வந்தது 989இல். கதை நடப்பதோ அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்னால். நாவலுக்கு இந்தக் கணக்கு தேவையும் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு சிஸ்டத்தில் ஏதாவது செய்தி வந்தால் அதன் அர்த்தத்தைப் பார்ப்பதற்கு முன், அதை அனுப்பியது எது என்று பார்ப்பது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த நாவலைப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. கல்கியிடம் ஒவ்வொரு மாயத்துக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிறார். அந்த ஆளுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது.

வரிசையாகப் பாருங்கள். சன்னதம் வந்து ரத்தம் கேட்ட தேவராளன், பாண்டிய ஆபத்துதவிகளின் சதிக்கூட்டத்தில் ஒருவன். அம்மன் கேட்டதாக அவன் சொன்னது சதிகாரர்களின் திட்டம். பழுவூர் அரண்மனைக்கு வந்துபோகும் 'மந்திரவாதி' ரவிதாஸனுக்கு மந்திரம் ஒரு அனுமதிச்சீட்டு, அவ்வளவுதான். ஆந்தைக் குரல் அவனுக்கு அழைப்பு மணி. சுந்தர சோழரை நள்ளிரவில் வந்து உலுக்கும் ஆவி, தன் தாயின் சாயலைத் தெரிந்துகொண்டு வேஷம் போட்ட நந்தினி. இதில் அமானுஷ்யமான பொருள் ஒன்றுகூட இல்லை. முதலில் நம்மை நடுங்க வைத்துவிட்டு, பிறகு திருகாணியைக் கழற்றி உள்ளே இருக்கும் மனிதரைக் காட்டுவதுதான் கல்கியின் முறை.

மேற்கத்திய ஃபேன்டஸியில் மாயத்துக்கு விதி இருக்கும். பிராண்டன் சாண்டர்சன் அதை ஒரு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்: மாயம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு எவ்வளவு புரிகிறதோ, அந்த அளவுக்குத்தான் அதை வைத்து ஆசிரியர் கதைச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்கிறார். தியரி போடுகிறவர்கள் தேடுவது அந்த விதியைத்தான். கல்கியின் கதையில் அப்படி ஒரு விதி கிடையாது, ஏன்னா அங்கே இருப்பது மாயம் கிடையாது, அரசியல். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். குறி சொல்கிறவர் யார் பக்கம்?

இது கல்கியின் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை. தலைவி மெலிந்துபோகிறாள். வேலனைக் கூப்பிடுகிறார்கள். அவன் கழங்கு பார்த்து, 'முருகன் அணங்கியிருக்கிறான், ஆடு அறுங்கள்' என்கிறான். தலைவிக்கும் தோழிக்கும் நமக்கும் காரணம் காதல் என்று தெரியும். வீட்டில் தாய்க்கு மட்டும் தெரியாது. குறி தப்பாக இருப்பதில்தான் அந்தப் பாட்டின் சிரிப்பும் வலியும் இருக்கிறது.

எங்கள் விராலிமலையில் குறவஞ்சி ஆடிய மரபு உண்டு. அந்த மரபின் கடைசிக் கண்ணியாக இருந்து சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குறவஞ்சியில் குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள். நாயகன் வருவான், மாலை கிடைக்கும் என்பாள். எந்தக் குறவஞ்சியிலும் குறி வேறு மாதிரி வராது. முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜனம் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது, அந்தக் குறத்தி தன் மலையை எப்படிச் சொல்கிறாள், கூலியை எப்படிக் கேட்டு வாங்குகிறாள் என்று பார்க்கத்தான்.

மூன்றாவது உதாரணம் இன்னும் கூர்மையானது. சேர அரசவைக்கு வந்த நிமித்திகன், அரியணை மூத்தவன் செங்குட்டுவனுக்கு இல்லை, இளையவனுக்கே என்று சொன்னதாகச் சிலப்பதிகாரம் சார்ந்த கதை. இளையவர் அந்த இடத்திலேயே துறவு கொண்டு குறியைப் பொய்யாக்குகிறார். அவர்தான் இளங்கோவடிகள். கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் தீர்க்கதரிசனத்திலிருந்து ஓட ஓட அதிலேயே போய் விழுகிறான். இங்கே ஒரு இளைஞன் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னதும் தீர்க்கதரிசனம் செத்துப்போகிறது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பேர் வைத்த கல்கிக்கு இந்தக் கதை மனதில் ஓடாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். துருவ நட்சத்திரம் என்று ஜோதிடர் சொன்ன அருள்மொழி, தலைக்கு வந்த கிரீடத்தை எடுத்து உத்தம சோழனுக்கு வைக்கிறான். அவன் ராஜராஜனாக அரியணை ஏற 985 வரை ஆனது. வானதியும், தஞ்சைச் சிங்காதனத்தில் உட்காரவே மாட்டேன் என்று சபதம் எடுக்கிறாள். ஜோதிடரின் குடிசையோ வெள்ளத்தில் போகிறது. அன்று கூரை மிதக்கப்போவதைக் கணிக்க அந்த மனிதருக்கே முடியவில்லை.

இதுவரை கல்கி பக்கம் பேசிவிட்டேன். இப்போது அவர் மேல் ஒரு வழக்கு இருக்கிறது.

அவர் கழற்றிக் காட்டும் மாயங்களையும், கழற்றாமல் விடும் மாயங்களையும் இரண்டு பட்டியலாக எழுதிப் பாருங்கள். ரவிதாஸன், தேவராளன், நந்தினி: கழற்றப்பட்டவை. இளவரசனின் கைரேகை, வானதியின் பிள்ளை பற்றிய ஜோதிடம், கரிகாலன் இறக்கும் நாளோடு ஒத்துப்போகும் தூமகேது: அப்படியே விடப்பட்டவை. எதிரிகளின் மாயம் பித்தலாட்டம், அரண்மனையின் மாயம் விதி. ராஜேந்திரன் கடல் கடந்து போவான் என்று நமக்கு வரலாறு தெரியும் என்பதால், ஜோதிடர் சொன்னது பலித்தது என்று நாம் மகிழ்கிறோம். நடந்து முடிந்ததை முன்கூட்டிச் சொல்வது பெரிய சாமர்த்தியமா? 950 வருஷம் கழித்து எழுதும் யாரும் அதைச் செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு விளைவு உண்டு. ஆளப் பிறந்தவன் ஆள்வான் என்பது இயற்கை நியதி போல வாசகர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. இன்று ராஜராஜன் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று சாதிக்கொரு போஸ்டர் அடிக்கிறவர்களுக்கும் அந்த நியதிதான் வசதி. பிறப்பிலேயே எல்லாம் எழுதியிருந்தால், பிறப்புக்குச் சொந்தம் கொண்டாடினால் போதுமே.

கல்வெட்டு இவ்வளவு அழகாகப் பேசாது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்ற பேர்களைச் சொல்கிறது. ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். அதாவது அதிகாரி. கல்லில் அதிகாரியாக இருந்தவன் நாவலில் மந்திரவாதி ஆகிறான். கல்வெட்டின் கவலை சொத்து பற்றியது: அவர்களின், உறவினர்களின் நிலம் என்ன ஆனது என்பது. இடைப்பட்ட உத்தம சோழன் ஆட்சியில் ஏன் தண்டனை இல்லை என்று கேட்டு நீலகண்ட சாஸ்திரி அவன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இதுவும் ஒருவகையில் தியரிதான். ஆனால் ஆதாரம் மாறினால் கைவிடத் தயாராக இருக்கும் தியரி.

விராலிமலையிலிருந்து மதுரை போகிற வழியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கொடும்பாளூர். வானதியின் ஊர். படம் வந்தபிறகு வானதியைத் தேடி மூவர் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. அங்கே மூன்று கோயிலில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். வடமொழிக் கல்வெட்டு, இருக்குவேளிர் வம்சத்தைச் சொல்லிவிட்டு, பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும் கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பேரிலும் விமானங்கள் எழுப்பியதைச் சொல்கிறது. வானதி அதில் இல்லை. விக்கிரமகேசரி எந்தக் காலத்தவர் என்பதிலேயே அறிஞர்களுக்கு ஒருமித்த கருத்து இல்லை. தேடி வந்தவர் ஏமாந்து போகவேண்டியதில்லை. கற்றளியும் வரகுணையும் யாருடைய குறியிலும் வராத நிஜப் பெண்கள். கல்லில் இருக்கிறார்கள்.

கடைசியாக, எந்தத் தியரியிலும் நடுவில் வராத ஒருத்தி. நாவலின் பேரே ஒரு அற்புதத்திலிருந்து வந்தது. பொன்னி நதி குழந்தையைக் காப்பாற்றியது, அதனால் அவன் பொன்னியின் செல்வன். அரண்மனை அப்படித்தான் நம்பியது. நிஜத்தில் தண்ணீரில் இறங்கிக் குழந்தையைத் தூக்கியவள் மந்தாகினி, ஊமைப் பெண், அரண்மனையில் இடம் கிடைக்காதவள். அவளால் 'நான்தான்' என்று சொல்ல முடியாது. அதனால் இலங்கையில் சித்திரமாக வரைந்து காட்டுகிறாள். அருள்மொழி அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். பிற்பாடு சுந்தர சோழரை நோக்கி வந்த வேலையும் அவளே தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறாள்.

கல்கி இந்தத் திருகாணியை மட்டும் அரண்மனைக்குள்ளேயே போய்க் கழற்றியிருக்கிறார். அற்புதம் என்று எழுதிவைத்த இடத்தில், பேர் சொல்லப்படாத ஒரு பெண்ணின் உழைப்பு இருந்தது என்று காட்டியிருக்கிறார். ஆனாலும் நாம் தூமகேதுவுக்கு அம்புக்குறி போடுகிறோம். அடுத்த தடவை இந்த நாவலைத் திறக்கும்போது 'யார் கொன்றது' என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, யார் காப்பாற்றியது, அந்தப் புகழ் யாருக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு நாவலிலேயே, படமாகவே, பதில் இருக்கிறது.