காரியாலயம் இல்லாத கொம்பனி

மைக்ரோசொவ்ற் கொம்பனியிற் பல்லாண்டு பணிபுரிந்த ஸ்கொற் பேர்க்குன், பின்னர் வேட்பிரஸ் தளத்தை நடத்தும் ஓட்டோமற்றிக் கொம்பனியிற் பெற்ற அநுபவத்தைக் கூறும் நூல் 'காற்சட்டை அணியா ஓராண்டு'. 2013இல் வெளிவந்தது. அக்கொம்பனி ஊழியர் தத்தம் ஊரிலிருந்தே கணனி வழியாகத் தொழில் செய்வர். இடையிடையே ஒவ்வொரு குழுவும் உலகின் ஏதாவதொரு நகரிற் கூடிச் சில நாள் சேர்ந்து உழைத்துக் கலையும்.

நூலின் சிறப்பை மறைத்தல் நியாயமன்று. கண்காணிக்கு அஞ்சிக் கதிரையில் அமர்ந்திருப்பதன்று, செய்து முடித்த வேலையே உழைப்பின் அளவுகோல் என்பதை ஆசிரியர் தம் அநுபவத்தால் நிறுவுகிறார். கூடிப் பயணஞ் செய்தோரிடையே தோழமை அரும்புவதையும் உயிர்ப்புடன் காட்டுகிறார்.

ஆயினும், இக்குழு கூடிய நகரங்களுள் ஒன்று ஏதென்ஸ். 2010 மே மாதத்திலே சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய அரசுகளிடமும் கடன்பட்டு, அதற்கீடாக ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டிய நாட்டின் தலைநகர் அது. அந்நகரம் இந்நூலிற் பின்னணித் திரையாகவே நின்றுவிடுகிறது. விடுதியிலே படுக்கை விரித்தோரும் கோப்பை கழுவியோரும் கதைமாந்தராகவில்லை. உழைப்பைப் பற்றி எழுதும் நூலுக்கு இது சிறு குறையன்று.

1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகக் குருதி சிந்தினர். வீடும் விடுதியும் விமானமும் வேலைத்தலமாகிவிட்டால் அவ்வெட்டு மணிக்கு எல்லை வகுப்பவர் யார்? முதலாளியின் நல்லெண்ணமா, தொழிலாளரின் சங்கமா? ஆசிரியர் ஆராயாது விட்ட இவ்வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்.