எரிந்துபோன நாட்குறிப்புகள்

படக்கதை என்றவுடன் சிறுவர்க்குரியது என ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த 'மௌஸ்' நூலையும் அவ்வாறே நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தோம், பிழை நம்முடையதே. 1986-இலும் 1991-இலும் இரு பகுதிகளாக வெளிவந்து, 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற நூல் இது. இதில் யூதர் எலிகள், ஜெர்மானியர் பூனைகள்.

ஆசிரியரின் பெற்றோரான விளாடெக்கும் அன்யாவும் ஆஷ்விட்ஸ் முகாமினின்று உயிர் மீண்ட போலந்து யூதர்கள். தலைமகன் ரிஷ்யூ மீளவில்லை. நாஜிகள் கையில் சிக்காதிருக்க அக்குழந்தைக்கு நஞ்சூட்டியவள் அன்யாவின் உடன்பிறந்தாள். 1948-இல் ஸ்டாக்ஹோமில் இளையவர் ஆர்ட் பிறந்தார். பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் ரீகோ பார்க்கில் குடியேறியது.

முகாமை விடவும் இவ்வீட்டைப் பற்றிய பக்கங்களே நம்மை ஆட்கொண்டன. தெருவில் கிடக்கும் கம்பித் துண்டையும் விளாடெக் பொறுக்கிக்கொள்கிறார். பாதி உண்ட பண்டங்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் செல்கிறார். மகனோ வெட்கி வண்டியிலேயே அமர்ந்திருக்கிறார். முகாம்தான் அவரை இவ்வாறு ஆக்கிற்று என நாம் இரங்கும் வேளையில், அவருடைய இரண்டாம் மனைவி மறுக்கிறாள்: தானும் முகாமில் இருந்தவள்தான், நண்பர்களும் இருந்தவர்கள்தாம், எவரும் இவரைப்போல் இல்லையே என்கிறாள். துன்பம் மனிதரைப் புனிதராக்கும் என்னும் எளிய நம்பிக்கைக்கு இந்நூலில் இடமில்லை.

மற்றொரு நுட்பம் மொழி. முதுமையில் விளாடெக் பேசும் ஆங்கிலம் கொச்சையானது. இளமைக் காட்சிகளில் அவர் பேச்சு பிழையற்று ஓடுகிறது. கடன் மொழியில் தந்தை தம் மக்கள் முன் குறுகித் தோன்றுவதை நம் இல்லங்களிலும் கண்டிருக்கிறோம். (நம் இடப்பெயர்ச்சி பிழைப்பின் பொருட்டு, அவர்தம் இன்னலோடு ஒப்பிடுதல் தகாது.)

போலந்து மக்களைப் பன்றிகளாக வரைந்தது நமக்கு உடன்பாடன்று. யூதர்க்குத் தம் வீட்டில் ஒளிந்திருக்க இடம் தந்த போலந்துப் பெண்டிரும் இந்நூலில் வருகின்றனர் அன்றோ?

நூலின் பெருங்குறை அன்யா. 1968-இல் அவள் தற்கொலை செய்துகொண்டாள். தன் மகன் வளர்ந்து படிக்க வேண்டுமென விரும்பி அவள் எழுதிவைத்த நாட்குறிப்புகளை, மனத்துயர் தாளாமல் விளாடெக் எரித்துவிட்டார். அதை அறிந்த மகன் தந்தையைக் கொலைகாரர் என்கிறார். முதற்பகுதி அங்கே முடிகிறது. ஆகவே அன்யாவை நாம் அறிவதெல்லாம் கணவர் வாய்மொழியாலேயே. இக்குறையை மூடி மறைக்காமல் வெற்றிடமாகவே விட்டதை ஆசிரியரின் நேர்மை என்போம்.

இறுதிப் பக்கத்தில் நோயுற்ற விளாடெக், பேசிக் களைத்துவிட்டதாகக் கூறிப் படுக்கையில் திரும்பிக்கொள்கிறார். எதிரே நிற்கும் மகனை அவர் அழைக்கும் பெயர் ரிஷ்யூ.