நாள் குறிக்காத வாக்கு

ஓர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதைப் போலவே எழுதாது விடப்பட்டதும் பேசும். 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை அக்கண்கொண்டு வாசிப்போம்.

அதன் மூன்றாம் பிரிவு அணு ஆயுதமில்லா நாடுகளைக் கண்காணிப்புக்கு உட்படுத்துகிறது. முதலில் சேர்ந்த நாடுகள் அதற்கான பேச்சை 180 நாள்களுக்குள் தொடங்க வேண்டும். தொடங்கிய 18 மாதங்களுக்குள் உடன்பாடு செயலுக்கு வரவேண்டும். கணக்கு துல்லியமானது. ஆறாம் பிரிவோ ஆயுதக் களைவு குறித்து நல்லெண்ணத்தோடு பேசச் சொல்கிறது. 'விரைவில்' என்னும் சொல் ஆயுதப் போட்டியை நிறுத்துவதற்கு மட்டுமே. களைவுக்கு அதுவும் இல்லை. எளியோர்க்கு நாள்கணக்கு, வலியோர்க்கு நல்லெண்ணம்! நிச்சயம் செய்தும் நாள் குறிக்காத திருமணத்தை எந்தப் பெற்றோர் நம்புவர்?

1996-இல் ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம், பேசுவது மட்டுமன்று, பேச்சை முடிவுக்குக் கொண்டுவருவதும் கடமையே என ஒருமனதாக உரைத்தது. அதுவும் நாள் குறிக்கவில்லை.

2017-இல் 122 நாடுகளின் வாக்கோடு நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் இக்குறையைக் களைய முயன்றது. தன்னில் சேரும் அணு ஆயுத நாடு 10 ஆண்டுகளுக்குள் அவற்றை அழிக்க வேண்டும் என 2022-இல் வியன்னாவில் கூடிய உறுப்பு நாடுகள் கெடு விதித்தன. ஆனால் அணு ஆயுதமுள்ள எந்த நாடும் அதில் சேரவில்லை. முந்தைய ஒப்பந்தத்தைப் பாரபட்சமானதென மறுத்த நம் இந்தியாவும் சேரவில்லை.

அம்மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் பிறர் நாள் குறிக்கவில்லை என்று குறைகூறுவோர் தாமும் ஒரு நாள் குறிக்க முன்வந்தாலன்றி அக்குறைகூறல் நிறைவு பெறாது என்பதே நம் துணிபு.